“நாங்க உன் வயசுல...”

கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டைச் சுற்றி நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் நம் வயதுக்காரர்களின் பேச்சு தானாக இரண்டு தடத்தில் ஓடும். “எங்கப்பாவுக்கு நாலு புது பனியன் வாங்கி பீரோவுல வச்சிருக்கேன். இன்னமும் அந்தக் கிழிஞ்சதைத்தான் மாட்டிக்கிட்டுத் திரியறார்” என்று ஒருவர் ஆரம்பிப்பார். “எம் பையன் ரெண்டு வருஷத்துல மூணு கம்பெனி மாறிட்டான். கேட்டா செட் ஆகலைங்கிறான்” என்று இன்னொருவர் எடுத்துக்கொள்வார். பெற்றவர்களுக்கு அனுபவிக்கத் தெரியவில்லை, பிள்ளைகளுக்குப் பொறுப்பு தெரியவில்லை. இரண்டும் அளவோடு வாய்த்தவர்கள் நடுவில் இருக்கும் நாம் மட்டும்தான். 1965-க்கும் 1980-க்கும் இடையில் பிறந்த பெரும்பாலோர் இப்படித்தான் நம்மைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த வட்டத்தில் ஒரு நாற்காலி என்னுடையது என்பதால் இதைத் தைரியமாக எழுதுகிறேன்.

பேச்சில் தப்பில்லை, எல்லாத் தலைமுறையும் பேசியதுதான். ஆனால் பெரியவர்கள் ஏன் அப்படி ஆனார்கள் என்று நாம் கேட்டுப் பார்த்ததில்லை. பிள்ளைகள் ஏன் இப்படி ஆனார்கள் என்பதோ கேட்காமலே நமக்குத் தெரியும். ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

அம்மா உலைக்கு அரிசி எடுப்பதைப் பாருங்கள். உழக்கைத் தலைதட்டி அளந்து பாத்திரத்தில் போட்ட பிறகு, அதிலிருந்து ஒரு பிடியை அள்ளி டிரம்முக்கே திருப்பிப் போடுவார். இருபத்தைந்து கிலோ மூட்டை பிரிக்காமல் மூலையில் நிற்கும் வீட்டிலும் அந்த ஒரு பிடி திரும்பிப் போகும். களைந்த தண்ணீரை வடிக்கும்போது பாத்திரத்தின் விளிம்பில் உள்ளங்கையை அணைத்துப் பிடிப்பார். அதையும் தப்பித் தொட்டியில் விழுந்த நாலு மணியை ஈர விரலால் ஒற்றி எடுப்பார். நாம் அதைப் பழக்கதோஷம் என்றோம். கோபம் வந்த நாளில் பிசினாறித்தனம் என்றும் சொல்லியிருக்கிறோம்.

1965, 66-இல் அவர்களில் பலருக்குப் பதினாறு, இருபது வயது இருக்கும். அடுத்தடுத்து மழை பொய்த்து, பி.எல். 480 ஒப்பந்தத்தின்படி அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கோதுமையை எதிர்பார்த்து நாடே காத்திருந்த காலம். திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி மக்களைக் கேட்டுக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் வெளிநாட்டு உதவியாக வந்த கோதுமை ரவையில் உப்புமாவும் பால் பவுடரைக் கரைத்த பாலும் கொடுத்தார்கள். 1967 தேர்தலில் ஆட்சி மாறியதற்கான காரணங்களில் அரிசியும் ஒன்று. ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று சொல்லி வந்தவர்கள், சென்னையிலும் கோவையிலும் அந்த ஒரு படியைக் கொடுத்துப் பார்த்தார்கள்.

இதெல்லாம் நமக்குத் தெரியாததல்ல. மேடைகளில் கேட்டிருக்கிறோம், வாரப் பத்திரிகைத் தொடர்களில் படித்திருக்கிறோம். படித்ததையும் அம்மாவின் அந்த ஒரு பிடியையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. அந்த வருஷம் உங்கள் வீட்டில் எத்தனை பேர், யார் கடைசியாகச் சாப்பிட்டார்கள், அவர்களுக்கு மிச்சம் இருந்ததா என்று ஒருநாள் அடுப்படி வாசலில் நின்று கேட்டிருக்கலாம். நாம் எலெக்ட்ரிக் குக்கர் வாங்கிக் கொடுத்தோம்.

அமெரிக்க சமூகவியலாளர் கிளென் எல்டர் 1974-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் 1920, 21-இல் பிறந்த பிள்ளைகளைப் பெரிய பொருளாதார மந்தத்தின் ஊடே பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. அப்பாவின் வருமானம் சரிந்த வீடுகளில் பையன்கள் சின்னச் சின்ன வேலைக்குப் போனார்கள், பெண்கள் வீட்டு வேலையைத் தோளில் எடுத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் அவர்கள் நிமிர்ந்துகொண்டார்கள். பக்கத்து ஊரான பெர்க்லியில் ஏழெட்டு வருஷம் தள்ளிப் பிறந்து, அதே மந்தத்தைச் சிறு குழந்தையாகச் சந்தித்த பையன்கள் அவ்வளவு எளிதில் நிமிரவில்லை. கஷ்டம் ஒன்றுதான், அது வந்தபோது யாருக்கு என்ன வயது என்பது ஆளையே மாற்றிவிடுகிறது. இதைப் படித்தபோது அமெரிக்காக்காரர்கள் என்னென்ன ஆராய்கிறார்கள் என்று வியந்தேன். ஆராய்வதற்கான ஆள் பக்கத்து அறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பாக்களின் போன் பேச்சையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். “நல்லாருக்கியா? சரி, வச்சிடவா?” முடிந்தது. நம் மேல் அவருக்கு ஒட்டுதல் இல்லை என்று நம்மில் பலர் உள்ளுக்குள் வருந்தியிருக்கிறோம். டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் தபாலாபீஸில் காத்திருந்து, மூன்று நிமிஷத்துக்கு இவ்வளவு என்று காசு கட்டிப் பேசியவர் அவர். சாவுச் செய்தியோ பிரசவச் செய்தியோ தவிர வேறெதற்கும் போன் எடுத்துப் பழகாதவர். அன்லிமிடெட் பிளான் போட்டுக் கொடுத்துவிட்டால் அந்த மூன்று நிமிஷம் அவருக்குள்ளிருந்து போய்விடுமா?

மஞ்சப்பை விஷயத்தில் நாம் செய்தது இன்னும் மோசம். கடைக்கு அதை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பா வந்தால், கல்லூரி நண்பன் எதிரே வந்துவிடக் கூடாதே என்று நாம் நாலு அடி தள்ளி நடந்தோம். நம் சினிமாவில் மஞ்சப்பையோடு பஸ்ஸை விட்டு இறங்குகிறவன் பட்டிக்காட்டான், ஏமாறப் போகிறவன். நாமும் சிரித்தோம். பாலித்தீன் கவரைக் கழுவிக் கொடியில் காயப் போட்ட அம்மாவையும் கேலி செய்தோம். பிறகு 2019-இல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசாங்கமே இயக்கம் தொடங்கியது. சாக்கடை அடைத்ததற்கு மாநகராட்சியைத் திட்டிக்கொண்டிருந்த நாம் அதை வரவேற்று வாட்ஸாப்பில் பகிர்ந்தோம். அப்பாவிடம் போய் ஒரு வார்த்தை சொன்னவர்கள் இருந்தால் கை தூக்கலாம்.

இனி நம் கதை. “நாங்க உன் வயசுல” என்று நாம் தொடங்குகிற வாக்கியம் ஒவ்வொன்றும் ஏதோ நம் உழைப்பால் மட்டும் மேலே வந்தது போல முடியும். உழைக்கவில்லை என்று சொல்லவில்லை. ஆனால் 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தபோது நம்மில் பாதிப் பேர் தட்டோடு வரிசையில் நிற்கும் வயதில் இருந்தோம். நமக்கு முன்னால் ஒரு தலைமுறை, காமராஜர் தொடங்கிய மதிய உணவைச் சாப்பிட்டுப் பள்ளியைத் தாண்டியிருந்ததால், நம் பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வீட்டில் ஒருவராவது இருந்தார். எண்பதுகளின் நடுவில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் திறந்தன. 1991-க்குப் பிறகு கம்பெனிகள் வந்தன. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் எழுந்தது. ஒவ்வொரு கதவும் நாம் அதன் முன் போய் நிற்கும் நேரத்தில் திறந்துகொண்டே வந்தது. நாமே திறந்ததாக நினைத்துக்கொண்டோம்.

நமக்கு இன்னொரு சொத்தும் இருந்தது, வெட்டிப் பொழுது. சென்னையில் தொலைக்காட்சி வந்தது 1975-இல். நம் ஊர்களுக்கு வர எண்பதுகள் ஆனது. வந்த பிறகும் தெருவுக்கு ஒரு வீட்டில்தான் பெட்டி. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்க அந்த வீட்டுத் திண்ணையில் இடம் பிடிக்க வேண்டும்; அதற்காக அந்த வீட்டுப் பையனிடம் கோலியைத் தோற்க வேண்டும். விடுமுறையில் காலையில் கிளம்பினால் பசித்தால்தான் வீடு. அடிபட்டால் யாரோ ஓர் அத்தை சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போடுவார், பிறகு அவரே நம் வீட்டில் போட்டும் கொடுப்பார். ரேஷன் கடையில் பில் போடுகிறவரிடம் கார்டைக் கொடுத்துவிட்டு, எடை போடுகிறவர் கை தராசில் எங்கே படுகிறது என்று பத்து வயதில் கவனிக்கக் கற்றோம். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, மண்ணெண்ணெய் கேனோடு அனுப்பிவைத்தார்கள், அவ்வளவுதான்.

இதில் எதையாவது நம் பிள்ளைகளுக்கு விட்டு வைத்தோமா? குடும்பக் கட்டுப்பாட்டில் தமிழ்நாடு முந்திக்கொண்டது நல்ல விஷயம். தொண்ணூறுகளிலேயே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தை என்ற அளவை ஒட்டி வந்துவிட்டோம். நம் வீட்டில் ஒன்று அல்லது இரண்டு. அந்த ஒன்று விழுந்துவிடக் கூடாது என்று வாசலுக்கே வேன் வரவழைத்தோம். தெருமுனைக் கடைக்குப் போனால் நாய் துரத்தும், வண்டி இடிக்கும், வெயில். சாமான் வீட்டுக்கே வந்தது. பெரியவர்கள் ஊர் வீட்டில் இருக்க, இரண்டு படுக்கையறை ஃபிளாட் வாங்கினோம். மூன்றாவது அறைக்கு லோன் எட்டவில்லை என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். எட்டியவர்களும் அதை ஏ.சி. போட்ட படிக்கும் அறையாக மாற்றினார்கள். தாத்தாவின் பழைய கதைகள் அவனுக்குப் பரீட்சை முடிந்த பத்து நாளில் மட்டும் கிடைத்தன, அதுவும் பாதி நேரம் டவர் கிடைக்காத எரிச்சலோடு.

இவ்வளவையும் மன்னித்துவிடலாம். நாமக்கல் வட்டாரத்துக்கு நாம் ஓடிய ஓட்டத்தை எந்தக் கணக்கில் வைப்பது என்றுதான் தெரியவில்லை. நுழைவுத் தேர்வு போய், பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம் என்று ஆனபிறகு அந்த ஓட்டம் உச்சத்துக்குப் போனது. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல், இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே திரும்பத் திரும்ப எழுத வைக்கும் விடுதிப் பள்ளிகள். பிராய்லர் பள்ளி என்று ஊரே சொன்னது. நாமும் சொன்னோம், சொல்லிவிட்டு விண்ணப்பம் வாங்க அதிகாலையில் வரிசையில் நின்றோம். அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வைத்தார்கள் என்றால், நாம் எவ்வளவு தூரம் போயிருந்தோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்காரர்களைக் குறை சொல்லலாம். கேட்காததை யாரும் விற்பதில்லை.

அந்த விசிட்டிங் ஞாயிறுகள் நினைவிருக்கிறதா? பள்ளி மைதானத்து வேப்பமரத்தடியில் பெட்ஷீட்டை விரித்து, டிபன் கேரியரைப் பிரித்து வைப்போம். பிரியாணி, வறுவல், வீட்டு முறுக்கு, கூடவே ஒரு ஊறுகாய் பாட்டில். பையன் வருவான். தலைமுடி ஒட்ட வெட்டியிருக்கும். சாப்பிடுவான், கண் அடிக்கடி கைக்கடிகாரத்துக்குப் போகும். “சாப்பாடெல்லாம் எப்படிப்பா?” “ம்.” “தூக்கம்?” “ம்.” “போன யூனிட் டெஸ்ட்ல பிசிக்ஸ் ஏன் குறைஞ்சது?” இதற்கு மட்டும் முழு வாக்கியத்தில் பதில் வரும். நடுவில் அம்மாக்காரி அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பாள், எழுதி எழுதி விரல் காய்த்திருக்கும். மணி அடித்ததும் எழுந்து போய்விடுவான். திரும்பும் வழியெல்லாம் காரில் நாம் பேசியது கட்-ஆஃப் பற்றித்தான். அவன் ஏன் சிரிக்கவில்லை என்று இருவருக்கும் தோன்றியிருக்கும். யார் முதலில் சொல்வது? இரண்டு வருஷம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டால் வாழ்க்கை முழுக்க நன்றாக இருப்பான் என்றோம். பல்லைக் கடித்தது அவன்.

அப்படிப் படித்து வெளியே வந்தபோது மாநிலத்தில் பொறியியல் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டியிருந்தன. நமக்குத் திறந்த அதே கதவின் முன்னால் அவனுக்குக் கூட்டம் நின்றது. தொடக்கச் சம்பளம் பெரிதாக உயரவில்லை, வாடகையும் வீட்டு விலையும் எங்கோ போய்விட்டன. அரசு உத்தியோகத்தைப் பிடி, கடைசிக் காலத்துக்குப் பென்ஷன் வரும் என்று தாத்தா சொல்கிறார். 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய பென்ஷன் இல்லை என்றானது அவருக்கு உறைப்பதில்லை. ஒரே கம்பெனியில் நிலைத்து நில் என்று நாம் சொல்கிறோம். கம்பெனி அவனிடம் நிலைத்து நிற்குமா என்று அவன் கேட்கிறான். இந்தக் கேள்விக்குத்தான் பொறுப்பில்லாதவன் என்று பெயர் வைத்தோம்.

போனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சோறு இறங்க வேண்டும் என்று குழந்தை கையில் அதைக் கொடுத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும். 2016-இல் டேட்டா கொள்ளை மலிவானபோது முதலில் விழுந்ததும் நாம்தான். சாப்பாட்டு மேசையில் போனை நோண்டாதே என்று மகளை அதட்டிவிட்டு, குடும்பக் குரூப்பில் அதைப் பற்றியே ஒரு அறிவுரை வீடியோவை ஃபார்வர்டு செய்கிறவர்களை வேறு எப்படிச் சொல்வது? பூமர் என்று பிள்ளைகள் சொல்வதில் தப்பில்லை.

ஆனால் கொரோனா பேட்ச் என்று நாம் அவர்களுக்கு வைத்த பெயரில் தப்பு இருக்கிறது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. பத்தாம் வகுப்புக்கு அந்த ஆண்டு ஆல் பாஸ், பன்னிரண்டுக்கு அடுத்த ஆண்டு. “பரீட்சை எழுதாமலே பாஸானவன் நீ” என்று எத்தனை முறை சிரித்திருப்போம்! பேட்டிக்கு வருகிற பையனிடம் பிறந்த வருஷத்தைப் பார்த்துவிட்டு மேலாளர் நாற்காலியிலிருந்து அதே சிரிப்பைச் சிரித்தவர்களும் நம் வயதுக்காரர்கள்தான். அன்று பதினைந்து வயதாக இருந்தவன் நண்பர்களோடு கழிக்க வேண்டிய இரண்டு வருஷத்தை ஒரு கட்டிலின் ஓரத்தில் கழித்தான். ஐந்து வயதாக இருந்தவள் மற்றக் குழந்தைகளின் பாதி முகத்தை மட்டும் பார்த்து எழுத்துப் படித்தாள். எல்டர் கவனித்த அந்த வயது வித்தியாசம் நம் கண்ணெதிரே, நம் வீட்டுக்குள்ளேயே நடந்தது. நமக்கு அப்போது வொர்க் ஃப்ரம் ஹோம். சத்தம் கேட்கக் கூடாது என்று அவர்கள் அறைக் கதவைச் சாத்தினோம்.

அந்தக் காலத்து இழப்பைச் சரிக்கட்ட 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது சாயங்காலங்களில் தெருப்பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஏறக்குறைய 2 லட்சம் தன்னார்வலர்கள் வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், அதிலும் படித்து முடித்து வேலைக்குக் காத்திருந்தவர்கள் நிறையப் பேர். சொற்ப ஊக்கத்தொகைக்கு, கோயில் மண்டபத்திலும் வீட்டு முற்றத்திலும் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பொறுப்பில்லாத தலைமுறை என்று நாம் மண்டபத்தில் பேசிக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் இது நடந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தோள் அளவுத் தண்ணீரில் நம் பெற்றோருக்குப் பால் பாக்கெட் கொண்டுவந்து கொடுத்த பையன்களை நாம் அப்போது பாராட்டினோம். தண்ணீர் வடிந்ததும் பாராட்டும் வடிந்துவிட்டது.

மூன்று காலத்தையும் கண்ணால் பார்த்தவர்கள் நாம் மட்டும்தான். உழக்கையும் பார்த்தோம், ஆப்பில் அரிசி வாங்குவதையும் பார்க்கிறோம். அந்தப் பக்கத்துக் கதையை இந்தப் பக்கம் சொல்ல நம்மைவிட்டால் ஆள் கிடையாது. நாம் இருபக்கமும் குறை சொல்லிக்கொண்டே முடியை நரைக்க விட்டோம். பெரியவர்களுக்கு இப்போது எழுபத்தைந்து, எண்பது வயது. சிலருக்குப் பெயர்கள் மறக்கத் தொடங்கிவிட்டன. ஆனால் 1966-இல் அரிசி என்ன விலை என்பது, கேட்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

நாம் கேட்டால் “அதெல்லாம் எதுக்குடா இப்ப” என்பார்கள். பேரப்பிள்ளைகள் கேட்டால் சொல்வார்கள். அடுத்த பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் கூடும்போது கேள்வியை அவர்களிடம் கொடுத்துவிடலாம். போனில் பதிவு செய்வது அவர்களுக்கு நம்மைவிட நன்றாக வரும். நாம் பக்கத்தில் உட்கார்ந்து, “அது அறுபத்தாறு இல்லைம்மா, அறுபத்தேழு” என்று திருத்தாமல் இருந்தால் போதும். நடுவில் அம்மா அழுதால் சேனலை மாற்றுவது போலப் பேச்சை மாற்றவும் வேண்டாம்.

பிள்ளைகளிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது, அது கொஞ்சம் சங்கடமானது. அந்த ஹாஸ்டலில் ராத்திரி எத்தனை மணிக்கு விளக்கணைத்தார்கள், பூட்டிய அறைக்குள் அந்த இரண்டு வருஷம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டால், முதலில் “ம்” என்றுதான் வரும். கொஞ்சம் பொறுத்தால் மீதியும் வரும். அதில் நம் பெயர் நிறைய இடத்தில் அடிபடும். அப்போது மட்டும் அந்த வருஷம் கட்டிய ஃபீஸ் எவ்வளவு என்று ஆரம்பிக்கக் கூடாது.